பச்சை நிறத்தில் ‘முடிந்தது’

புதிதாக வந்திருக்கும் நால்வருக்கும்,

இந்த வெள்ளிக்கிழமையோடு நான் டீமிலிருந்து ரிட்டயர் ஆகிறேன். இருபத்தேழு வயதில் ரிட்டயரா என்று சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். பட்டியல் படிக்கும் ஒரே ரீடரோடு ஐந்து வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. எது எங்கே இருக்கிறது, எதை எப்படி ஓட்டுவது என்பதையெல்லாம் தனி ஃபைலில் எழுதி வைத்துவிட்டேன். அது செம போர், தூக்கம் வராத நாளில் திறந்து பாருங்கள். இது சிறுசேரி ஷட்டில் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் படிக்க.

நம் சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று இந்நேரம் தெரிந்திருக்கும். யாராவது ஒரு பட்டியலை ஏற்றினால், அதிலிருக்கும் ஒவ்வொரு நம்பருக்கும் போன் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிவு செய்த செய்தியை ஒலிக்கும். மழைக்குப் பள்ளி லீவு, ரேஷன் கடை திறக்கும் நாள், கோயில் கூழ் ஊற்றுவது, எல்லாம் நாம்தான். பெயர் சொல்வது முக்கியம். நம் பக்கத்தில் பெயர் சொல்லாத குரலை மூன்று நொடியில் கட் பண்ணிவிடுவார்கள். “வணக்கம், முனுசாமி” என்றால் முனுசாமி நிற்பார்.

நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, அந்தப் பட்டியலைப் படிக்கும் பகுதி. அசிங்க் ரீடரை பைட் ஸ்ட்ரீமாக மாற்றுவது. கேட்க பயங்கரமாக இருக்கும், விஷயம் சிம்பிள். ரீடர் என்பவர் கேட்டால் கொடுக்கும் ஆள். கையில் இல்லையென்றால் “வந்ததும் சொல்றேன், நீ போய் வேற வேலையைப் பாரு” என்பார். அந்தக் குணத்துக்குத்தான் அசிங்க் என்று பெயர். ஸ்ட்ரீம் என்பது, அவர் கொடுப்பதைத் துண்டு துண்டாக, வரவர அடுத்த ஆளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் வழி. முழு ஃபைலையும் மெமரியில் தூக்கி வைத்து மூச்சு வாங்க வேண்டியதில்லை. மாற்றித் தருவதற்கு லைப்ரரியில் ரெடிமேடாகவே உண்டு. மாற்றிய பிறகு வரும் துண்டை என்ன செய்வது என்பதில்தான் நம்மைப் போன்றவர்கள் மாட்டுவோம்.

கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ பார்த்திருப்பீர்கள். சீட் நிறைந்தால் வண்டி கிளம்பிவிடும். அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேர் ஒன்றாக நின்றால், இருக்கிற இரண்டு சீட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு டிரைவர் போயே போய்விடுவார். பிள்ளை அடுத்த ஆட்டோவில். யார் யார் ஒரே குடும்பம் என்பது அவர் கவலை இல்லை. ஸ்ட்ரீமும் அப்படித்தான். துண்டு நிறைந்தால் கிளம்பும். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் ஒண்டிக்கட்டை, கம்ப்யூட்டர் கணக்கில் ஒரே பைட். எங்கே வெட்டினாலும் சேதாரம் இல்லை. தமிழ் எழுத்து மூன்று பைட் குடும்பம். ‘கா’ என்றால் துணைக்காலுக்குத் தனியாக இன்னொரு மூன்று.

இது எனக்கு அப்போது தெரியாதா? தெரியும். காலேஜில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். புரோகிராம் கோடு எழுதும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் செய்தது இது. ஒவ்வொரு துண்டும் வந்தவுடன் அதை எழுத்தாக மாற்றினேன். பாதியில் நின்ற வரியைப் பத்திரமாகப் பிடித்து வைத்து அடுத்த துண்டோடு ஒட்டினேன், அதில் கில்லாடி. பாதியில் நின்ற எழுத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதைவிட மோசமானது அடுத்தது. துண்டைப் படிப்பதில் ஏதாவது தகராறு வந்தால் என்ன செய்வது என்று கேட்டது, நாம் எழுதுவதைச் சரிபார்க்கும் கம்பைலர். டெமோவில் சிவப்பாக எதுவும் வரக்கூடாதே என்று, ‘தகராறு வந்தால் ஃபைல் முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்’ என்று எழுதினேன். முடிந்தால் திரையில் பச்சை நிறத்தில் ‘முடிந்தது’ என்று வரும். அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்க மட்டும் அரை நாள் செலவழித்தேன்.

எங்கள் டெஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட்டால் சண்டைக்கு வருவாள். மாமல்லபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவதால் ஆபீசில் அவளுக்குப் பெயரே மாமல்லை. என் வயதுதான். பெரிய பட்டியல் ஒன்று கொடு, ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டாள். நாலு பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஐந்நூறு தடவை காப்பி போட்டுக் கொடுத்தேன். ரவி, கவி, டெஸ்ட், ஏபிசிடி.

“இன்னாடி இது? இவங்கள்லாம் எந்த ஊரு?”

“எல்லா ஊர்லயும் இருக்காங்க.”

“ஏபிசிடின்னு எங்க ஊர்ல யாரும் இல்ல. நெஜ ஆளுங்க பேரு குடு மச்சி.”

“பேர்ல இன்னா கீது? நம்பர் போனா போதும்.”

டெஸ்ட் பாஸ். தமிழில் பேசி, தமிழில் திட்டி, ‘சாப்டியா’வைக்கூட இங்கிலீஷ் எழுத்தில் டைப் அடித்தே வளர்ந்த கூட்டம் நாம். தமிழ்ப் பெயரைக் கூப்பிடுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, அதில் ஒரு தமிழ் எழுத்தைக்கூடப் போட்டுப் பார்க்காமல் அனுப்பும் திறமை உலகத்தில் நமக்கு மட்டும்தான் உண்டு.

நிஜ ஆளுங்க பேர் மழைக்காலத்தில் வந்தது. படாளம் பக்கத்தில் சில ஊர்களுக்கான பட்டியல். மேலே ஏரி நிரம்பிவிட்டது, மதியம் இரண்டு மணிக்கு உபரி நீரை ஆற்றில் திறக்கப்போகிறார்கள், ஆற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம், ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள் என்று செய்தி. பட்டியலை டைப் செய்த அம்மா யாரோ, கையெடுத்துக் கும்பிடலாம். நானூற்றுச் சொச்சம் பெயர், அத்தனையும் சுத்தமான தமிழில், அகர வரிசையில். பகல் பன்னிரண்டுக்கு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை நிறத்தில் ‘முடிந்தது’. நான் கெத்தாக டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் கை வைத்தேன்.

பன்னிரண்டரைக்குச் சித்தப்பா கூப்பிட்டார். படாளத்தில் இருக்கிறார், அப்பாவின் தம்பி, பெயர் வேலாயுதம். நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்ததை ஊருக்கே சொன்னவர்.

“ஏம்மா, உன் கம்ப்யூட்டரு ஆறுமுகத்துக்கு வணக்கம் சொல்லுது. எனக்கு ஏன் சொல்லல?”

“இன்னா சித்தப்பா?”

“இன்னா இன்னா சித்தப்பா? ‘வணக்கம், ஆறுமுகம்’னு பேர் சொல்லி கூப்டுச்சாம். காலைலேர்ந்து வாயே பேசாதவன், டீக்கடைல நின்னுகினு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிகினு கீறான். உன் அண்ணன் பொண்ணு கம்பெனிதானே, உனக்கு வரலையான்றான். மானம் போச்சு.”

“உங்க போன் சைலன்ட்ல இருந்திருக்கும்.”

“அடப் போம்மா, சைலன்ட்டு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது.”

“சிக்னல் இல்லாம இருந்திருக்கும். இங்க எல்லாருக்கும் போயிடுச்சுன்னு காட்டுது சித்தப்பா.”

“பக்கத்துல கோயிந்தன் கீறான், அவனுக்கும் வரல. மணிக்கு வரல. முருகனுக்கு வரல. எல்லாத்துக்குமா சைலன்ட்டு?”

டப்பாவை மூடி வைத்தேன். கோவிந்தன், மணி, முருகன், வேலாயுதம். ஆறுமுகத்துக்கு மட்டும் வந்திருக்கிறது. அகர வரிசை என் கண் முன்னால் வந்து பல்லைக் காட்டியது.

எத்தனை பேருக்கு அழைப்பு போயிருக்கிறது என்று பார்த்தேன். ‘க’ வரிசையின் நடுவில் நின்றிருந்தது. கடைசியாகப் போனது ஒரு கன்னியப்பன். அதற்குப் பிறகு முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு எதுவும் போகவில்லை. திரையில் என் அழகான பச்சை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்து நான் செய்ததை நன்றாகப் படியுங்கள், நீங்களும் அதையேதான் செய்வீர்கள். நான் எழுதிய கோடைத் திறந்தேன். எங்கே தப்பு என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தும்விட்டேன். கன்னியப்பனுக்கு அடுத்த ஆளின் பெயரில் ஒரு எழுத்து பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. பாதி எழுத்தைப் பிடித்து வைத்து அடுத்த துண்டோடு சேர்க்கும்படி எழுத ஆரம்பித்தேன். அதோடு நின்றேனா? இதை ஒரு தனி மாட்யூலாக எழுதினால் அழகாக இருக்குமே என்று தோன்றியது. பெயர்கூட யோசித்துவிட்டேன். மணி பன்னிரண்டு ஐம்பது.

மாமல்லை என் நாற்காலியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“இன்னா பண்ணிகினு கீற?”

“ஃபிக்ஸ் எழுதறேன்.”

“எழுதி, ரிவ்யூ போய், பில்டு ஆகி, சர்வர்ல ஏற எவ்ளோ நேரம்?”

“ஒரு மணி நேரம். ஒண்ணே கால்.”

“தண்ணி எத்தினி மணிக்கு?”

“ரெண்டு.”

“அப்ப கோட மூடு. ஃபைல தொற. ஒரு துண்டுல எத்தினி பேரு அடங்கும்?”

“நூறு பேர். கொஞ்சம் கூட.”

“அம்பதம்பதா வெட்டு. தனித்தனி ஃபைலா போடு. ஆட்டோ நெரம்பவே இல்லன்னா எவனும் பிரிய மாட்டான்.”

ஷேர் ஆட்டோ கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான். அன்று அவள் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. கோடில் ஒரு வரி மாற்றவில்லை. கன்னியப்பனுக்கு அடுத்த ஆளிலிருந்து ஐம்பது ஐம்பதாக வெட்டி, அவள் சரிபார்க்க, நான் ஏற்ற, ஒவ்வொன்றும் முடிய முடிய எத்தனை பேருக்குப் போனது என்று அவள் கையால் பேப்பரில் குறித்தாள். பச்சையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்று பத்துக்குள் எல்லாம் போய்விட்டது. நடுவில் சித்தப்பா ஒரு முறை அழைத்து, “வந்துடுச்சு, வந்துடுச்சு! பேர நல்லாத்தான் சொல்லுது,” என்று வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டு ஆறுமுகத்தைக் கேட்க வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

எடுக்காதவர்கள் ஒன்பது பேர். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு எங்கள் சொந்த போனிலிருந்து கூப்பிட்டோம். நான் பேசிய முதல் ஆள், “இன்சூரன்ஸ் வேணாம்மா,” என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். “சொன்னா புரியாதா? எனக்குப் பொண்டாட்டியே இல்ல, யாருக்கு இன்சூரன்ஸ்?” மூன்றாவது முறை எடுத்தவுடன், “ஏரி தொறக்கறாங்க!” என்று கத்தினேன். “அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார். மாமல்லை பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். ஒரு ஆள் மட்டும் எடுக்கவில்லை. பட்டியலில் ‘வசந்தா’. மணி அடித்து அடித்து நின்றது. பத்து முறை போட்டேன். ஒன்று இருபது.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். “சித்தப்பா, உங்க ஊர்ல வசந்தான்னு யாராவது?”

“ஆட்டுக்கார வசந்தாவா? அவ போனு வூட்ல கீதும்மா. அவ ஆத்துக்குள்ள கீறா. காலைலயே ஆட்ட ஓட்டிகினு அக்கரைக்குப் போனா.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“இப்பத்தான் ஒருத்தன் ஆட்டோல மைக்கு கட்டினு சொல்லிகினே தெருவுல போனான். ஆத்துல எவன் போவான்?”

 “சித்தப்பா, கொஞ்சம் போய்...”

“எனக்கு ஒரு மணி நேரம் கழிச்சு வணக்கம் சொல்லுவ. நான் போய் அவளுக்கு இப்பவே சொல்லணும். நல்லா கீது உன் கம்பெனி,” என்றார். அவர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே மொபெட் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. அதுதான் சித்தப்பா.

அதற்குப் பிறகு அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டது. ஆற்றுக்குள் சிக்னல் கிடையாது.

அந்த நேரத்தை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஏசி ஓடுகிறது, காபி மெஷின் ஓடுகிறது, பக்கத்து டீமில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். நான் சித்தப்பா நம்பரை நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்திக்கொண்டிருக்கிறேன். வசந்தா அக்கா யார், எப்படி இருப்பார், எதுவும் தெரியாது. முதல் ஓட்டத்திலேயே பட்டியல் முழுசாகப் போயிருந்தால் பன்னிரண்டேகாலுக்கே அந்தத் தெருவில் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும், யாராவது ஒருத்தர் ஆற்றுப் பக்கம் போய்க் குரல் கொடுத்திருப்பார்கள். நடுவில் போன ஒரு மணி நேரம் என்னுடையது. அதில் பத்து நிமிடத்துக்கு மேல் மாட்யூலுக்குப் பெயர் யோசித்தது.

கேக் ஒரு துண்டு பேப்பர் தட்டில் எங்கள் மேசைக்கும் வந்தது. மாமல்லை அதைத் தள்ளி வைத்தாள். வழக்கமாக என் துண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவள்.

“தண்ணி தொறந்தாலும் ஒடனே வந்துடாது. வர நேரம் புடிக்கும்,” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. சும்மா இரு.”

கதை நிற்கும் இந்த இடத்தில் திருத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். அன்று சாயந்திரம் இரண்டு விஷயம் மாற்றினேன். ஒன்று, துண்டுகளைப் பைட்டாகவே சேர்த்து வைத்து, வரி முழுசானபிறகுதான் எழுத்தாக மாற்றுவது. இரண்டு, ரீடர் சொல்லும் பதில் மூன்று வகை: ‘இந்தா, கொஞ்சம் வந்திருக்கு’, ‘இதோட சரி, இனிமே இல்ல’, ‘ஏதோ உடைஞ்சுபோச்சு’. இரண்டாவதும் மூன்றாவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டிலும் அதற்குமேல் ஒன்றும் வராது. மூன்றாவதை இரண்டாவதாக மாற்ற உங்களுக்குக் கை அரிக்கும், குறிப்பாக டெமோவுக்கு முந்தின நாள். கையை மடக்கி வையுங்கள். சிவப்பு வந்தால் வரட்டும். அவமானம் நம்மோடு போகும்.

இரண்டேகாலுக்கு என் போன் அடித்தது. சித்தப்பா. மூச்சு வாங்கினார்.

“கரையேத்திட்டேன். அவளும் கீறா, ஆடும் கீது. என் ஒரு செருப்புதான் ஆத்தோட போச்சு.”

நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன். மாமல்லை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேக்கை எடுத்தாள்.

“ஏன் சித்தப்பா இவ்ளோ நேரம்?”

“இவள கேளு! நான் போயி ‘தண்ணி வருது, ஏறு’ன்னு கத்துறேன். ஆட்டயெல்லாம் ஓட்டிகினு வந்தா. எல்லாம் கரையேறிச்சு. நானும் அப்பாடான்னு மொபெட்ட எடுக்கறேன், இவ நின்னுகினு எண்ணுறா. இருவத்தி மூணு கீது, அஞ்சு கொறையுதுன்றா. ‘அதான் வர்றது நின்னுபோச்சே, அவ்ளோதான், வா’ன்னேன். முறைச்சா பாரு ஒரு முறை! திரும்ப உள்ள எறங்கிட்டா. அப்பால இன்னா பண்றது, நானும் எறங்கினேன். அஞ்சும் அக்கரைல முள்ளுக்குள்ள மாட்டிகினு கீது. ஒண்ணுகூட கத்தல. இழுத்துகினு வந்து சேர்ந்து, திரும்பிப் பாக்கறேன், செங்கொழம்பா தண்ணி வருது. பேஜாரா பூட்ச்சு. இரு, அவ உன்கிட்ட பேசணுமாம்.”

போன் கை மாறியது. ஆடுகளின் சத்தம், பின்னால் தண்ணீரின் இரைச்சல்.

“யாரு, கம்ப்யூட்டர் பொண்ணா? வேலாயுதம் அண்ணாத்த சொன்னாரு. நீதான் எல்லாத்துக்கும் போன் போட்டியா?”

“ஆமாக்கா. உங்களுக்குத்தான் லேட்டாயிடுச்சு. மன்னிச்சுக்கங்கக்கா.”

“என் போனு வூட்ல கீது, அதுக்கு நீ இன்னா பண்ணுவ? எங்க தெருவுல எவனுக்குமே மொதல்ல வரலியாமே, அது ஏன்?”

நான் ஷேர் ஆட்டோ கதையைச் சொல்ல வாயெடுத்தேன். மூன்று பைட், துண்டு, வெட்டு. அங்கே ஆடு நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறது. விட்டுவிட்டேன்.

“பாதியிலயே நின்னுடுச்சுக்கா. எங்களுக்குத் தெரியல. முடிஞ்சதுன்னு காட்டிச்சு.”

“மொத்தம் எத்தினி பேருக்குச் சொல்லணும்?”

“நானூத்திப் பதினாறு.”

“எத்தினி பேருக்குப் போச்சு?”

“நூத்தி நாலு.”

 அவர் ஏதோ ஒரு ஆட்டை அதட்டினார். பிறகு கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

“அப்ப முடிஞ்சதுன்னு யாரு சொன்னது?”

கம்ப்யூட்டர் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மாமல்லை கேக்கை மெல்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்கா,” என்றேன்.